கடலுக்கு முகம் கொடுத்தால்

தனுஷ்கோடியில் டீச்சராகக் கப்பலேறினேன்.
மட்டக்களப்பில் இறங்கும்போது
ரீச்சர் ஆகியிருந்தேன்.
என் தகரப்பெட்டியைத் தலையில் வைத்தபடி
ஸ்டேசன் போர்ட்டர்தான் முதலில் அப்படி அழைத்தது.
பெட்டிக்குள் நான்கு புடவை, ஒரு செபமாலை,
உருட்டிக் கட்டிய இந்தியப் படம்.
அது இங்கே எந்தச் சுவருக்கும் ஆகாதென்று
கல்லடிப் பாலம் தாண்டும்வரை தோன்றவில்லை.

மடத்து வாசலில் மதர்
என் கடிதத்தை வெயிலில் பிடித்துப் படித்தார்:
வியாகுலமேரி. முட்டம். பூமிசாஸ்திரம்.
"விடுதியும் உங்கள் பொறுப்புத்தான்.
நாற்பத்திரண்டு பிள்ளைகள்,
முப்பத்தொன்பது நுளம்புவலை."
நுளம்பு என்றால் என்னவென்று கேட்க வெட்கம்.
ராத்திரி அதுவே வந்து சொல்லிக்கொண்டது.

எட்டாம் வகுப்பு.
இடாப்பு வாசித்தேன்:
கண்ணகை. தெய்வானைப்பிள்ளை. றகுமத்தும்மா.
முடித்த கையோடு, ஊர்ப் பழக்கத்தில்,
சன்னலுக்கு வெளியே கை நீட்டிச் சொன்னேன்:
"அதோ கடல். கடல் இருக்கும் திசை மேற்கு."

வகுப்பு சிரிக்கவில்லை. அதுதான் பயமாயிருந்தது.
எல்லாப் பென்சில்களும் 'மேற்கு' என்று எழுதத் தொடங்கின,
ரீச்சர் சொன்னால்
சூரியனும் இடம் மாறித்தான் ஆகவேண்டும் என்பதுபோல.

கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்:
"ஒள்ளுப்பம் கிறுகி நில்லுங்க ரீச்சர்."

கிறுகி?
எனக்குத் தலை கிறுகிறுக்கிறதென்று நினைத்தாளோ?
எழுந்து, தானே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.
திரும்பினேன்.
எதிர்ச் சன்னலில் வாவி. அதற்கப்பால் வயல்.
"அங்கால படுவான்கரை, பொழுது படுற பக்கம்.
நாம நிக்கிறது எழுவான்கரை."

கரைக்கே திசையால் பெயர் வைத்தவர்களிடம்
கடல் கடந்து வந்து, சம்பளத்துக்கு,
திசையைப் பிழையாகச் சொல்லியிருக்கிறேன்.

முட்டத்தில் சூரியன் கடலில்தான் விழும்.
அப்பன் வலை உதறும்போது,
அம்மை சாளைக்கு விலை பேசும்போது
அந்தச் சிவப்பு எங்கள் முகத்தில் இருக்கும்.
இருபத்துமூன்று வருடம்
அந்த ஒரு பக்கத்தை வைத்தே
மற்ற மூன்றையும் கண்டுபிடித்தவள் நான்.

கரும்பலகையை அழித்துக் 'கிழக்கு' என்று எழுதினேன்.
சுண்ணக்கட்டி உடைந்தது.
"மறுகா?" என்றது முன்வாங்கு.
மறுகா என்றால் பிறகு.
அதை மட்டும் யாரும் சொல்லித் தராமலே புரிந்துகொண்டேன்.

இரவுக்குப் பிட்டும் மீன்சொதியும்.
விளக்கைத் தணித்து
வலைகளுக்குள் தலைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று.

நாற்பத்திரண்டாவது விறாந்தையில் நின்றது.
ஆறாம் வகுப்பு, பூரணம், அவளும் இன்றுதான் வந்தவள்.
அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.
"வாகரை எந்தப் பக்கம் ரீச்சர்?"

காலையில் கேட்டிருந்தால் தவறாகச் சொல்லியிருப்பேன்.
இருட்டில் கடலைக் காதால் தேடினேன்.
தோளைப் பிடித்து
அவளை இரைச்சலுக்கு நேரே நிறுத்தினேன்.
"இடக்கையை நீட்டு.
அந்த விரல் நுனியில் பிடித்துப் போனால் வாகரை."

நீட்டினாள். இறக்கவில்லை.
அந்தப் பக்கத்திலிருந்து யாரோ
பிடித்துக்கொள்ளும்வரை என்பதுபோல் நின்றாள்.
கை வலித்திருக்கும்.

"உங்கட ஊர்?"

கிறுகினேன்.
வாவி, வயல், காடு, இந்தத் தீவின் முழு அகலம்,
அப்புறம் வேறொரு கடல்.
இங்கே கேட்டது தவளைச் சத்தம் மட்டும்.
வெட்கத்தோடு கையைப் பாதி தூக்கினேன்.

அவள் என் முழங்கையைப் பிடித்து
இன்னும் மேலே தள்ளினாள்.
"தூரமெண்டா
உசத்திக் காட்டோணும் ரீச்சர்."