தொண்ணூற்றெட்டுக் குதிரை

எத்தனை குதிரை என்று கேட்கிறீர்கள், நளீம் நானா.
கம்பனிப் புத்தகத்தில் தொண்ணூற்றெட்டு.
அதில் எத்தனை இப்போது உயிரோடு என்று
எனக்குத் தெரியாது, எண்ணிப் பார்த்தவர் இல்லை.

நான் இந்தப் பெட்ஃபோர்ட்டை ஓட்டியவள் அல்ல.
கணக்கு எழுதியவள்.
இருபத்தாறு வருசம், ஏழு கொப்பி.
டீசல் எத்தனை லீற்றர், எண்ணெய் எத்தனை போத்தல்,
நிலாவெளி உப்பு எத்தனை மூடை,
எங்கே நின்றது, ஏன் நின்றது.
ஓட்டியவர் அதோ,
பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார்.
விற்கிற நாளில் பேசமாட்டார்.

நாலந்தை ஏற்றத்தில் இரண்டாம் கியர்.
சைக்கிள்காரன் முந்துவான்,
முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.
சிரிக்கட்டும்.
அவன் இறங்கி மூச்சு வாங்குகிற வளைவில்
அதே சத்தத்தோடு இது கடந்து போகும்.

உங்கள் மச்சானின் புது டிப்பருக்கு
நூற்றெண்பது என்றார்கள்.
தம்பலகாமச் சந்தியில்
ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்ததற்காக
மூன்று நாள் படுத்துக் கிடந்தது,
கொழும்பிலிருந்து மடிக்கணினியோடு ஒரு பொடியன் வரும்வரை.
குறை சொல்லவில்லை.
இதுவும் நின்றிருக்கிறது,
நாற்பத்தொரு தரம், கொப்பியில் உண்டு.

ஹபரணைக் காட்டில் நடுச்சாமம்,
றோட்டில் யானைச் சாணம் சூடு ஆறவில்லை,
டீசல் குழாய்க்குள் காற்று.
கைப்பம்பை அடித்து, நட்டைத் தளர்த்தி,
நுரை போய்த் தெளிந்தது விரலில் வழியும்வரை
பதினைந்து நிமிசம்.
கந்தளாயில் ஃபேன் பெல்ற் அறுந்தபோது
சாரத்தின் கரையைக் கிழித்து முறுக்கிக் கட்டி
மிச்ச சாரத்தோடு வீடு வந்தார்.
கிண்ணியாத் துறையில் பாதைக்குக் காத்திருந்து,
நிறுத்தினால் பற்றரி இழுக்காதென்று
இரண்டரை மணித்தியாலம் சும்மா ஓடவிட்ட அன்று
நான் சண்டை பிடித்தேன்.
அந்தப் பக்கத்தில் பேனை அழுந்தியிருக்கும், தடவிப் பாருங்கள்.

கடல் வந்த மார்கழியில்
ஸ்டியரிங் வரை உப்புத் தண்ணி.
பாலையூற்று டெரன்ஸ் பார்த்தலட் வந்து
எண்ணெய்ச் சட்டியைத் திறந்தார்.
மோர் மாதிரி வடிந்தது.
டீசலால் கழுவி, இன்னொரு தரம் கழுவி,
ஆறு இன்ஜெக்டரையும்
என் சமையல் மேசையில் பத்திரிகை விரித்துப் பரப்பி...
ஒன்பதாம் நாள் இருமியது.
"ஓடுது" என்று எழுதியிருக்கிறேன்.
அந்தக் கிழமை என்ன ஏற்றினோம் என்ற நிரலில்
ஒன்றும் எழுதவில்லை.

குதிரை கீழே தள்ளிக் குழியும் பறிக்கும் என்பார்கள்.
இந்தக் குதிரைகள் தள்ளியதுண்டு.
குழி பறித்ததில்லை.

சரி, குற்றத்தையும் கேளுங்கள்.
பின் குறுக்குச் சட்டத்தில்
ஸ்க்ரூட்ரைவரால் ஒரு குத்துக் குத்துங்கள்,
பிஸ்கட் மாதிரி உதிரும்.
ஏற்றிய உப்பு ஒவ்வொரு நடையிலும்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கூலி எடுத்துக்கொண்டது.
வெல்டிங் பிடிக்கவும் இரும்பு மிச்சமில்லை.
எஞ்சின் இருக்கிறது. தூக்கி நடக்கக் கால் இல்லை.

தோப்பூரில் நெல்லு மில்லுக்கு என்கிறீர்கள்.
நின்ற இடத்திலேயே ஓடுகிற வேலை.
செய்யும்.
ஏற்றம் இல்லை, செக்பொயின்ற் இல்லை,
யாரும் முந்தப் போவதுமில்லை.
ஆனால் விடியற்காலையில் முதல் தரம் எழும்பாது.
இரண்டாம் தரமும் எழும்பாது.
திட்டவேண்டாம். வெற்றிலையை மடித்து வாயில் போடுங்கள்,
சுண்ணாம்பு தேடுகிற நேரம் போதும்.
வெள்ளைப் புகை வரும், பயப்படாதீர்கள்,
கறுத்தால்தான் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.
எனக்கு, அவருக்கல்ல.
அவர் அந்த இரவே பஸ் ஏறிவிடுவார்.

விலை சொன்ன விலைதான்.
கொப்பி ஏழும் அதற்குள் அடக்கம்.
ஓம் என்றால் இப்போதே ஓம் என்று சொல்லுங்கள், நானா,
அவர் தலையை வெளியே எடுப்பதற்குள்.