உறவு

மண்டபத்து வரைபடத்தை
மண்டபத்து மணலிலேயே விரித்தேன்.
கச்சான் பிடுங்கியது; நாலு முனைக்கும் சிப்பி.
இதில் ஒரு புள்ளி
தன் மேல் தானே கிடக்கிறது என்றேன்.
"எது, காட்டு" என்றாள்
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ரொசாலி.
நிரூபித்தவளுக்கு
நெருங்கத் தெரியும், தொடத் தெரியாது.

எல்லாரும் எல்லாரையும் நெருங்க வேண்டியதில்லை,
உறவுள்ளவர்கள் நெருங்கினால் போதும்:
ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம்.
"உறவா?" சிரித்தாள்.
தங்கச்சி பிரகாசியோடு பேச்சு நின்று ஆறு வருஷம்.
இவள் வடகடலில் ஏலம் எடுக்கிறாள், அவள் தென்கடலில்.

காலையில் தென்கரையில் கேட்டேன்:
நெத்திலி கிலோ நூற்றெழுபது.
இப்போது இவளிடம்.
நூற்றெழுபதுதான்.

இரண்டு சார்பு, ஒரே மதிப்பு;
ஒன்றுபடும் புள்ளி, நெத்திலி.
அவளிடம் சொல்லவில்லை.
மடிக்கும்போது எண்ணினேன்,
சிப்பி மூன்றுதான்.