ஐம்பது மில்லி நொடி

எதிர்வீட்டு எஸ்தர் அக்கா கேட்டாள்,
'டிரைவர் வேலைன்றியே, இன்னா வண்டி?'
வண்டி இல்லக்கா, எழுதுறது என்றேன்.
'டிரைவர்னா ஓட்டுவாங்க. எழுதுவாங்களா?'
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னது முழுக்கத் தப்புமில்லை.
எண்ணூர் சாலையில் மூன்றாம் நாளாக
கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன.
துறைமுகத்துக்கும் சரக்குக்கும் நடுவே
இரண்டு பக்கத்துப் பாஷையும் தெரிந்த ஒருவன்
கைலியை மடித்துக் கட்டி
சக்கர நிழலில் படுத்திருக்கிறான்.
நானும் அப்படித்தான் கிடக்கிறேன்,
இரும்புக்கும் கர்னலுக்கும் நடுவே.

என் இரும்பு ஒரு கார்டு.
உள்ளங்கை நீளம். பச்சை.
எட்டு சீரியல் போர்ட், அதில் ஒன்றுக்குத்தான் வேலை.
செய்த கம்பெனி இப்போது இல்லை.
தண்டையார்பேட்டை எடைமேடையில்
தேசப்பனின் கம்ப்யூட்டருக்குள்
பதினெட்டு வருஷத் தூசியோடு இருக்கிறது.
லாரி ஏறினால் எண் வர வேண்டும்.

புதிய கர்னலில் பழைய வாசல்களை அடைக்கிறார்கள்.
இந்த டிரைவரை எடுத்துவிடலாம்,
கார்டு வைத்திருப்பவர் உலகத்தில் யாருமில்லை என்று
முகம் தெரியாத ஒருவர்
ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்.
இருக்கிறது என்று எழுதினேன்.
தண்டையார்பேட்டையில் ஒன்று இருக்கிறது.
அப்படியானால் நீயே பார்த்துக்கொள் என்றார்.
எனக்கு வேலைகள் இப்படித்தான் கிடைக்கின்றன.

பழைய டிரைவர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது,
வந்துச்சா? வந்துச்சா? வந்துச்சா?
தண்ணி லாரிக்குத் தெருமுனை வரை
நடந்து நடந்து பார்ப்போமே, அந்த மாதிரி.
அதைத் தூக்கினேன்.
இனி கார்டே ஹாரன் அடிக்கட்டும்,
அதுவரை பிராசசர் தூங்கட்டும்.
கேட்டு வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல்
நழுவிய இடங்களில் நின்று வசூலித்தேன்.
ஆயிரத்து எழுநூறு வரி நானூறாயிற்று.

அப்புறம் அந்த ஒரு வரி.
கார்டை எழுப்பியதும்
ஐம்பது மில்லி நொடி சும்மா இரு.
மேலே ஒரு குறிப்பு, யாரோ, எந்த ஊரோ:
'ஏன் என்று தெரியவில்லை. எடுக்காதே.'

எடுத்தேன்.
காரணம் சொல்லாத விதிகளை
நான் நிறையப் பார்த்தவள்.

ராத்திரி பதினொன்றரை.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் போக
இருபது நிமிஷம் நின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தேன்.
புதியதை ஏற்றினேன். கம்ப்யூட்டர் எழுந்தது.
ஒரு பிழைச் செய்தி இல்லை. அழகாக இருந்தது.
லாரி மேடையில் ஏறியது.
முறுக்குக் கம்பி, வழிய வழிய.
திரையில் சைபர்.

தேசப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
'காத்தையா ஏத்திகினு வந்துகிறான்?' என்றான்.
'அப்டியே சீட்டு போட்டுக் குடு நைனா'
என்று ஜன்னலிலிருந்து சிரிப்பு வந்தது.
பழையதைத் திருப்பிப் போட்டேன். எண் வந்தது.
வீடு வரை எனக்குக் காது சுட்டது.

மறுநாள் ஓர் அலைக்காட்டியை இரவல் வாங்கிப் போனேன்.
கார்டின் மூலையில் ஒரு படிகம்,
அரிசி வடாம் துண்டு மாதிரி.
எழுப்பியதும் அதன் அலை தள்ளாடுகிறது.
நைட் ஷிப்டுக்கு எழுப்பினால் அப்பா
சுவரைப் பிடித்தபடி கொஞ்சம் நிற்பார்,
கால் தனக்குச் சொந்தமாகும் வரை.
படிகத்துக்கு நாற்பத்து மூன்று மில்லி நொடி.
மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே.

எழுதியவனுக்கு இது தெரியாது.
தெரியாமலே ஏழு கூட வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஐம்பதைத் திருப்பி வைத்தேன்.
குறிப்பை மட்டும் மாற்றினேன்.
'எடுக்காதே' அப்படியே இருக்கிறது,
அதற்குக் கீழே ஏன் என்று மூன்று வரி.

அடுத்த லாரி ஏறியது.
இருபத்தெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
தேசப்பன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.
என் பக்கம் திரும்பாமலே கேட்டான்,
'ஆச்சா? பொட்டிய மூடு.
உள்ள கொசு போவுது.'