உப்புக் கணக்கு

களக்காட்டுக்கு மேற்கே, பச்சையாறு ஓடையாய்ச் சுருங்குமிடத்தில்
எனக்கு அறுநூறு வாழை. ரசகதலியும் ஏத்தனும்.
ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவே பன்றிகள் இறங்கும்.
சீருடை இல்லை, முகாம் இல்லை.
கிழங்கைக் கிளறித் தின்றுவிட்டு
மலைக்குள் மலையாகிவிடும்.

பழக்கம் விடவில்லை. நாற்பது பக்க நோட்டில்
கோடு போட்டு எழுதுகிறேன்:
நாள், நேரம், வந்த வழி, போன வழி.
டார்ச்சும் தகரமும் முதல் வாரம் பலித்தன.
இரண்டாம் வாரம் அவை சத்தத்தைப் படித்துக்கொண்டன.
மூன்றாம் வாரம் நான் கண்ணசரும் நேரத்தை.
பழஞ்சேலைகளை வேலியாகக் கட்டினேன்;
ஒரு பன்றி ஊதாச் சேலையோடு போனது.

இருபத்திரண்டு வருஷம் இதே வேலைதான்,
வேறு மலையில், மனிதர்கள்மேல்.
நான் சுட்டது குறைவு, கூட்டிக் கழித்தது அதிகம்.
"ஆளைத் தேடாதே, அவன் பசியைத் தேடு"
என்பது எங்கள் பள்ளியின் முதல் பாடம்.

வனவர் ஞானசிகாமணி பைக்கை வரப்போரம் சாய்த்துவிட்டு வந்தார்.
"அண்ணாச்சி, எவனோ அவுட்டுக்காய் வைக்கான்.
போன வாரம் ஒரு மிளா, தாடை பிஞ்சு கெடந்துச்சு.
நீங்க உளவுல இருந்தவுக. ஒரு பேரு,
ஒரே ஒரு பேரு போதும்."

பேர் என்னிடம் இருந்தது.
சங்கிலிபூதத்தான். வீட்டில் மூன்று பேருக்கும் சர்க்கரை வியாதி;
ஐயம்பெருமாள் கடையில் இரண்டு மாதமாக
வாரம் இரண்டு கிலோ கருப்பட்டி வாங்குகிறான்.
சொல்ல வாயெடுத்தேன்.

நாவில் உப்புக் கரித்தது.

அந்தக் கிராமத்தின் பேரை இப்போதும் எழுத மாட்டேன்.
விடியலில் புகையை எண்ணினேன், நாற்பது அடுப்பு.
உப்பு விற்கிறவன் எனக்கு 'ஆதாரம் பதினேழு'.
அவன் காட்டிய கணக்கில் நூறு அடுப்புக்கு உப்பு.
மிச்ச உப்பைத் தின்பவர்கள் காட்டுக்குள் இருப்பதாக
அறிக்கை எழுதினேன். எனக்கு நல்ல கையெழுத்து.
சுற்றி வளைத்தார்கள். பன்னிரண்டு வீடு எரிந்தது.
யாரும் அகப்படவில்லை, ஒரு வாத்தியாரைத் தவிர.
அவர் திரும்பவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் பார்த்தேன்:
காட்டோரம் நின்று ஒரு பையன் குரல் கொடுத்தான்.
மூங்கிலை விலக்கிக்கொண்டு வந்தன
கறுத்த உடம்பும் வெள்ளைக் காலுமாய் அரைக்காட்டு மாடுகள்,
அவன் உள்ளங்கை உப்பை நக்க.

திருத்தி எழுதி அனுப்பினேன். மேஜர் சொன்னார்:
"இனிமேல் தேவைப்படாது."
சரிதான். அடுத்த மாதம் எரிந்த வீட்டுப் பையன்கள்
நிஜமாகவே காட்டுக்குள் இருந்தார்கள்.
தேதி முந்திப் பிறந்த உண்மை ஆயிற்று என் அறிக்கை.
எனக்குத் தோளில் ஒரு பட்டை ஏறியது.
ஆதாரம் பதினேழை யாரோ
பாலத்துக்கடியில் போட்டுப் போயிருந்தார்கள்,
வாய் நிறைய உப்போடு.

வனவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.
"கருப்பட்டி காப்பிக்கும் ஆகும்லா" என்றேன்.
"என்னது அண்ணாச்சி?"
"ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியலன்னு எழுதிக்கிடும்."

மூன்றாம் இரவு, இரண்டு பத்துக்கு, மேற்கே ஒரு சத்தம்.
தகரம் இல்லை. இடியும் இல்லை.
நோட்டைத் திறந்து, நேரத்தை மட்டும் எழுதி, மூடினேன்.

காலையில் மாட்டாஸ்பத்திரி வேம்படியில்
ஆவுடையம்மாளின் செவலைப் பசு.
கீழ்த்தாடை இருந்த இடத்தில் ஈ.
கூட்டத்தில் பூதத்தானும் நின்றான்;
என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தான்.
ஆவுடையம்மாள் கேட்டாள்:
"மிலிட்டரி அண்ணாச்சி, ஒங்களுக்குமா ஒண்ணும் தெரியல?"

ஊசியில் மருந்தேற்றிக்கொண்டே டாக்டர்
"யாராவது தலக்கயித்தப் பிடிங்க" என்றார்.
பிடித்தேன்.
நாக்கு மட்டும் முழுசாய் இருந்தது அதற்கு.
என் முழங்கை வியர்வையை நக்கியது.