தெற்கு எல்லை

வர்த்தமானி சிங்களத்தில் வந்தது.
தமிழ்ப் பிரதியை நான்தான் அடிக்க வேண்டும்.
‘பொதுத் தேவைக்காக’ என்ற சொல்லுக்குப் பிறகு
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு, வெறுமையாக.
ஐயாவிடம் கேட்டேன்.
“நகர அபிவிருத்தி எண்டு போடுங்க, மிஸ்.”
போட்டேன். கோடு நிரம்பவில்லை.
மிச்சத்துக்குப் புள்ளி வைத்தேன்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் பதினாலு வளவு.
ஒரு ஏக்கர், இரண்டு றூட், ஒன்பது பேர்ச்.
கம்பனிக்காரர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து
எங்கள் வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.
பஞ்சில் மரங்கள். நீலத் தாளில் வாவி.
தீக்குச்சி உயரத்தில் மனிதர்கள்,
எல்லாரும் எங்கோ நடந்துகொண்டிருந்தார்கள்.
ஒருவர் கையிலும் வாளி இல்லை.

விசாரணை நாளில் மின்விசிறி ஓடவில்லை.
டயர் ஒட்டுகிற உதுமாலெவ்வை எழும்பினார்:
“கொழும்பு பஸ்ஸுக்கு ராவைக்குக் காத்துப் போனா
ஆரிட்ட வாற?
அதுக்குள்ள இருக்கிற அம்பது பேரும் பொதுசனம் இல்லியா?”
சிரிப்பு. ஐயாவும் சிரித்தார்.
எழுதிக்கொள்ளச் சொன்னார்.

கோபிகரன் யாரும் அழைக்காமலே வந்திருந்தான்.
“கட்டட்டும். முன்னூறு வேலை எண்டுறாங்க.
கணக்கியல் படிச்சுப்போட்டுக் கட்டாருக்குப் பெட்டி கட்டுறன்.
வளவு இருக்கிற ஆக்கள் மட்டுந்தான் பொதுவா?
எனக்கு இந்த ஊரில ஒரு பேர்ச்சும் இல்ல.”
இதற்கு யாரும் சிரிக்கவில்லை.
எழுதும்போது பேனை
கொஞ்சம் அழுந்தியது.

யோகநாயகி கதிரையை விட்டு எழும்பவேயில்லை.
“விக்கப்போறன் எண்டு நான் ஆரிட்டச் சொன்ன?”
மதிப்பீட்டாளர் தாளைப் புரட்டினார்:
காய்க்கும் தென்னை ஏழு, காய்க்காதது இரண்டு,
தகரக் கூரை, சீமெந்துத் தரை,
கட்டுக் கிணறு ஒன்று, ஆழம் பதினெட்டு அடி.

“அந்தக் கிணறு எனக்கு மட்டும் சொந்தமில்ல, சேர்.
ஆவணியில பைப் காத்து ஊதக்குள்ள
முழு ஒழுங்கையும் வந்துதான் அள்ளுது.
படலை பூட்டுறதில்ல.
பொதுத் தேவைக்கெண்டு முப்பது வருசத்துக்கு முந்தியே
நான் அதக் குடுத்தாச்சு.
நீங்க எடுத்து ஆருக்குக் குடுக்கப்போறீங்க?”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கிணற்றுக்கு அட்டவணையில் விலை இருக்கிறது.
பூட்டாத படலைக்கு இல்லை.

“சுனாமி நோட்டீஸ் ஒட்டிப்போட்டு வரல்ல,”
பின்வரிசையில் யாரோ.
“மறுகா வந்ததெல்லாம் ஒட்டிப்போட்டுத்தான் வந்தது.”
அது யாரென்று தெரியாததால்
எழுதவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த கோப்பில்
எல்லைகளைச் சரிபார்க்கிறேன், இரவு எட்டரை.
வடக்கு: வீதி.
கிழக்கு: வாவி.
மேற்கு: ஒழுங்கை.
தெற்கு: சி. சுபோதினி என்பவரின் வளவு.

சுபோதினி, நான்.

அளவையாளரின் கோடு என் மதில்வரை வந்து
நல்ல பிள்ளைபோல் நின்றுவிட்டது.
நேற்றே ஒரு தரகர் படலையைத் தட்டினார்.
கார் நிறுத்த இடம் வேணுமாம்,
பேர்ச்சுக்கு மூன்று மடங்காம்.
இவர் முற்றத்தில் இருந்து கல்குலேட்டரை அமத்துகிறார்,
அழித்து, திரும்ப அமத்துகிறார்.
விசாரணையில் இதை நான் சொல்லவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

குசினியில் பைப் காற்று ஊதுகிறது.
வாளியை எடுத்துக்கொண்டு போகிறேன்.
படலை, தள்ளியதும் திறந்துகொண்டது.
கயிறு ஈரமாய் இருந்தது,
எனக்கு முன்னே யாரோ அள்ளியிருக்கிறார்கள்.

இரண்டாம் வாளி மேலே வரும்போது
யோகநாயகி விறாந்தை விளக்கைப் போட்டாள்.
“ஆரு மனே அது?”

பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.
“தெற்குப் பக்கத்து ஆள்தான்” என்றேன்.