பதினோராம் கட்டம்

வெருலம் தொழிலாளர் அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கும்.
ஐந்தரைக்கே முப்பத்திரண்டு பேர்.
நான் முப்பத்து மூன்று.
காரை எதிரே நிறுத்தியிருக்கிறேன்,
இன்று மாலை வரை அது என் கார்.

முன்னால் நிற்கும் ஹ்லெங்கிவே
முதுகில் குழந்தையைப் போர்வையால் கட்டியிருக்கிறாள்.
கோழிப்பண்ணையை மூடிவிட்டார்களாம்.
அவளிடம் முதலாளியின் கையெழுத்து இருக்கிறது,
நான்காய் மடித்து, சட்டைக்குள்.
ஒரு கையெழுத்தின்மேல்
இப்படி ஆசை வரும் என்று நினைத்ததில்லை.

பதினொன்றே காலுக்கு என் முறை.
கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்
விரலில் ரப்பர் தொப்பி மாட்டியிருக்கிறார்.
"லோகேஷினி மூட்லி."
"ஆமாம்."
"பதினோராம் கட்டம் காலி. வேலை கொடுத்தது யார்?"

போனைக் காட்டினேன்.
"இது போன்."
"இதுதான் கொடுத்தது. இதுதான் பிடுங்கியது,
செவ்வாய்க்கிழமை விடிகாலை மூன்று பன்னிரண்டுக்கு."

காரணமா?
ஏப்ரல் மழை. உம்ட்லோட்டிப் பாலத்தின்மேல்
தண்ணீர் ஏறி ஓடிக்கொண்டிருந்தது.
போக மாட்டேன் என்றேன்.
பின்சீட்டுக்காரருக்கு விமானம் பிடிக்க வேண்டும்.
இருவரும் உயிரோடு திரும்பினோம்.
அவர் ஒரு நட்சத்திரம் கொடுத்தார்.

"நீங்கள் சொந்தத் தொழில் செய்தவர்."

சொந்தம்.
கார் படையாச்சியுடையது, வாரம் இரண்டாயிரத்து நூறு ராண்ட்.
வழி போனுடையது. விலை போனுடையது.
முதுகுவலி ஒன்றுதான் சொந்தம்,
அதற்கு இந்தத் தாளில் கட்டம் இல்லை.

"அதற்கு முன்னால்?"
சட்டைத் தொழிற்சாலை. ஆறு வருடம் காலர் தைத்தேன்.
மாதாமாதம் நூற்றுக்கு ஒன்று பிடித்தார்கள்.
அவர் திரையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.
"பணம் இருந்திருக்கிறது. அப்போதே வந்திருக்க வேண்டும்.
இப்போது காலம் கடந்துவிட்டது."

அப்போது, ஆலை பூட்டிய மறுநாளே
கார்ச் சாவியை வாங்கிவிட்டேனே, ஐயா.
சும்மா இருந்திருந்தால் கொடுத்திருப்பீர்கள்.

கெட்டவர் இல்லை அவர்.
என் தாள்களைத் திருப்பித் தரும்முன்
ஓரம் சேர்த்து மேசையில் தட்டி
பின் அடித்துத் தந்தார்.

வெளியே ஹ்லெங்கிவே மினிபஸ்ஸுக்கு நிற்கிறாள்.
ஏறு என்றேன். அவளோடு இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள்.
இனாண்டா மேட்டுக்கு.
போன் பைக்குள்ளேயே கிடந்தது.
இடப்பக்கம் திரும்பு என்று யாரும் சொல்லவில்லை,
குழந்தை மட்டும் வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தது.

இறங்கும்போது சில்லறை சேர்த்து
கியர் அருகே வைத்தார்கள்.
வேண்டாம் என்று வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.

படையாச்சி முதலில் முள்ளைத்தான் பார்ப்பார்.
அரை டேங்க் இருக்க வேண்டும்.
முப்பத்தெட்டு ராண்ட்.
அடுத்த பங்க்கில் நிறுத்தி
அவ்வளவுக்கும் போடு என்றேன்.
பம்ப் பையன் சிரித்துவிட்டுப் போட்டான்.

முள் அசைந்த மாதிரியும் இருந்தது,
அசையாத மாதிரியும்.