திங்கட்கிழமைக்குள்

ஸ்டெய்ந்தோர் கடையிலிருந்து இரவல் கொடுத்தான்,
புதுப்பெட்டி வாசனை போகாத மிரர்லெஸ்.
"திங்கட்கிழமைக்குள் சொல்லு."

ஆக்குரேரியில் பனி பக்கவாட்டில் பெய்கிறது.
உள்ளே மகளிர் ஹேண்ட்பால்,
அழுதுவடியும் குழல்விளக்குகள்.
என் பழைய கேமரா இங்கே
பாதி நேரம் ஸ்கோர் பலகையைத்தான் துல்லியமாக எடுக்கும்;
முன்னால் பாய்கிறவள் வெறும் புகை.

இது சத்தமே போடாமல் நொடிக்கு முப்பது.
கண்ணைக் கண்டால் விடாது.

இரவு, ஆறிய மீன் சூப்போடு
இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள்.
நடுநடுவே கணக்கு:
நான்கு பனிக்கால டயர்,
கார் ஹீட்டர்,
அப்புறமும் கடன்.

கோல் விழுந்த அந்த நொடியில்
பச்சைச் சதுரம் தானாகத் தாவி
வேறொரு கண்ணைப் பிடித்திருக்கிறது.
பெஞ்சில் பதினேழாம் எண், ஹ்ரெஃப்னா.
நாற்பது படங்களிலும் அவளே.
கை தட்டுகிறது;
முகம் தட்டவில்லை.

மூன்று சீசனாக இந்த அணியை எடுக்கிறேன்.
அவளை ஒருமுறைகூட எடுத்ததில்லை.
அதற்குப் பழைய லென்ஸ்மேல் பழி போட முடியாது.

"எப்படி?" என்றான் திங்களன்று.
"ஃபோகஸ் தவறுது."
"அப்படியா? எங்கே, காட்டு."

காட்டவில்லை.
மெமரி கார்டை மட்டும்
உருவிக்கொண்டேன்.